மல்லாந்து கிடக்கும் குருவி குறித்து ஒரு விளக்கம்

எப்போதும் என் மரியாதைக்கும், போன வாரத்திலிருந்து என் பயத்துக்கும் உரிய பெரியப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு இப்போது அருகதை இல்லை என்கிறாள் அம்மா, ஆனாலும் கேட்கிறேன். போனில் எனக்கு வார்த்தை வராது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையில் ஒரு குருவி செத்து மல்லாந்து கிடந்தது உண்மைதான். ஆனால் உங்கள் நெஞ்சுவலிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நூற்றெண்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு கனவான், வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளாமல், வாழ்த்தை அச்சடித்துப் பெயரை மட்டும் நிரப்பி அனுப்பினார். அட்டை விற்பனை அப்படித்தான் தொடங்கியது. (கடிதம் எழுதாமல் தப்பிக்கப் பிறந்த அட்டையால் நான் இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.) பிற்பாடு அந்த ஊர்க்காரர்கள் செத்த குருவிப் படத்தைப் போட்டு ஒருவருக்கொருவர் அன்போடு அனுப்பிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால் அறிஞர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் வேலை பார்க்கும் அச்சக முதலாளி, "நீ சரித்திரம் படிச்ச பொண்ணு, பழைய காலத்துப் படமாப் பொறுக்கிக் கொடு, அட்டை போட்டு வித்துடலாம்" என்றார். பொறுக்கிக் கொடுத்தேன். ஒன்றுகூட விற்கவில்லை. "நீயே பொறுக்கினே, நீயே வெச்சுக்கோம்மா" என்று கட்டு முழுவதையும் என் மேஜையில் வைத்துவிட்டார். எனக்கு அந்தக் குருவியின் இறகு வரைந்திருந்த விதம் பிடித்திருந்தது பெரியப்பா, அவ்வளவுதான். படித்த பெண் அனுப்பியது என்று பெரியம்மா படத்தைப் பார்க்காமலே கூடத்தில் வாழ்த்து அட்டைகள் தொங்கும் கயிற்றில் நட்டநடுவே மாட்டுவார் என்றோ, உங்களை நலம் விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்றோ நான் நினைக்கவில்லை.

"உன் பொண்ணு பட்டம் வாங்கினது என் வீட்டுக்காரருக்கு நாள் குறிக்கத்தானாடி?" என்று பெரியம்மா போனில் கேட்டது எங்கள் வீடு முழுக்கக் கேட்டது.

"அது தூங்குதுக்கா," என்றாள் அம்மா.

"எந்தக் குருவிடி காலை மேல தூக்கிட்டுத் தூங்கும்?"

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நீங்களோ மாலை நடையை நிறுத்திவிட்டு, சாய்வு நாற்காலி யாருக்கு, ரேடியோ யாருக்கு என்று படுக்கையிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. டாக்டர் உங்களை நடக்கச் சொன்னார் பெரியப்பா, பாகம் பிரிக்கச் சொல்லவில்லை. கல்லூரியில் என் முதல் நாளன்று, எனக்கு யாரிடமும் பேச வராதே என்று, வாசல் மரத்தடியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு ஒன்று ஆகட்டும் என்று நான் படம் அனுப்புவேனா? அந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள். நாளைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரையாவது போய் வாருங்கள். பெரியம்மா யார் யாரிடம் என்னைத் திட்டியிருக்கிறார் என்பதையும் போகிற வழியில் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் இதயம் மருந்தாலும் பெரியம்மாவின் கோபம் மருந்தில்லாமலும் சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்ளும்,
கெட்டிக்காரி என்று உங்களால் மட்டும் நம்பப்படும் மகள்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது அப்பா வந்தார். "நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள சகலை இன்னும் மனசு விட்டுடுவாரு. அதான் உன் கட்டுலேருந்து நல்ல அட்டையா ஒண்ணு எடுத்து, எல்லார் கையெழுத்தையும் நானே போட்டு, காலைலேயே கொரியர்ல அனுப்பிட்டேன். ரெண்டு தவளை ஓடிப்பிடிச்சு விளையாடுது, பார்க்கவே ஜாலியா இருந்துச்சு" என்றார். அப்பா கண்ணாடி போடவில்லை. அவை விளையாடவில்லை பெரியப்பா. ஒன்று மற்றொன்றைக் கத்தியால் குத்திப் போட்டுவிட்டுப் பணப்பையோடு ஓடுகிறது. இதுவும் பழைய காலத்து அசல் கிறிஸ்துமஸ் அட்டைதான். இந்தக் கடிதம் வருவதற்குள் அது வந்து சேர்ந்திருக்கும். ஆகவே தயவுசெய்து மேலே குருவி என்று வரும் இடங்களிலெல்லாம் தவளை என்று போட்டு இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.