அண்ணன் பற்றவைத்த ஸ்டீரிங்

ஒன்றைத் தப்பாகப் பழகி அதிலேயே பல வருஷம் ஓட்டிவிட்டோம் என்றால், அதைச் சரிசெய்கிற அன்றைக்குத்தான் நன்றாக விழுந்து வாருவோம். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. (அங்கே நான் படித்ததே கொஞ்சம்தான்.) செனாய் விமான நிலைய வாசலில், போகிற வருகிற எல்லாரும் பார்க்கப் படித்தேன்.

பிள்ளைகளா, நம் வீட்டு நீல பிக்கப்பை உங்களுக்குத் தெரியும். அதன் பழைய ஸ்டீரிங்கைத் தெரியாது. பாலோவில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஷெட்டில் கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்த வண்டி அது. அதை உங்க பெரியப்பா சேகர் வாங்கி வந்தபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. எனக்குச் சுத்தமாக இல்லை. ஸ்டீரிங்குக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய தண்டு இற்றுப் போயிருந்தது. அவ்வளவு பழைய வண்டிக்குச் சாமான் எங்கே தேடுவது? அண்ணன் ஒரு தண்ணிக் குழாயை அறுத்தார். ரெண்டு முனையிலும் இரும்புக் கேட்டின் கீலை வைத்துப் பற்றவைத்தார். ஆட்டம் கொடுத்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றினார். வண்டி ஓடியது. அது ஓடியதை அன்றைக்கு அதிசயம் என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், நாங்கள் உயிரோடு இருப்பதுதான் அதிசயம்.

அந்த ஸ்டீரிங்கை அரை வட்டம் சுற்றும்வரை ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரும். "சாப்பாட்டுக் கடை வந்ததும் சுத்த ஆரம்பிடா, சந்தி தானா வரும்" என்பார் அண்ணன். அப்படியே பழகினோம். எங்கள் ரெண்டு பேரைத் தவிர ஊரில் யாராலும் அந்த வண்டியை நேராக ஓட்ட முடியாது. அதில் எங்களுக்கு ஒரு திமிர் வேறு.

பிறகு அண்ணன் கடல் தாண்டி பெர்த்துக்கு வேலைக்குப் போனார். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். என் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்கள் பிறந்தபோதும் கிடைக்கவில்லை. போனில் பேசுவோம், முதலில் நிறைய, பிறகு நல்ல நாள் பெரிய நாளுக்கு. சில சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து, எங்கும் போகாமல் சும்மாவே பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருப்பேன். உங்க அம்மா ஜன்னலில் இருந்து கேட்பாள், "ஏங்க, எந்த ஊர் வந்துருக்கு?"

ஒரு தீபாவளிக்கு முன்னால் போன் வந்தது.

"வர்றேன்டா. குளுவாங்ல ஹோட்டல் ரூம் போட்டுட்டேன். செனாய்ல இறங்கி டாக்சி எடுத்துக்குறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

சிரமமா? ஒரே பாயில் படுத்து, நான் உதைக்க அவர் உதைக்க வளர்ந்தவர்கள் நாங்கள். சொந்தத் தம்பி வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போகப் பார்க்கிறாரே என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு முடிவுக்கு வந்தேன். பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்துவது. பார்த்தால் ஏறுவார். ஏறினால் வீட்டுக்கு வருவார்.

அம்மா குறுக்கே நின்றாள். "கேட்டுக் கீல்ல தொங்கிக்கிட்டு ஹைவேல போறீங்களா? அதை மாத்தாம வண்டி வாசலைத் தாண்டாது. எனக்குப் புருஷன் வேணும்."

சிம்பாங் ரெங்கம் மெக்கானிக் ஆ செங்கிடம் கொண்டு போனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். டார்ச் அடித்து, அந்தக் குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "அலமாக்! நீ வண்டி ஓட்டலை லா. இவ்ளோ நாளா கேட்டை ஓட்டிக்கிட்டு இருந்திருக்க!"

"எங்க அண்ணன் செஞ்சது, டவுக்கே" என்றேன், பெருமையாக. (டவுக்கே என்றால் முதலாளி.)

"உங்க அண்ணனுக்கு உன் மேல என்ன கோபம்?"

இந்த வெல்டிங் விட்டால் ஸ்டீரிங் என் கையில் இருக்கும், வண்டி கால்வாயில் இருக்கும் என்றார். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் எல்லாம் விசாரித்து, சரியான தண்டும் மூட்டுகளும் வரவழைத்தார். அவை வந்து சேர்ந்தது அண்ணன் இறங்குகிற அன்றைக்குக் காலையில்தான். பழைய குழாயைக் கழற்றிக் குப்பையில் எறியப் போனவரிடம் அதைப் பிடுங்கி சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

"இப்ப ஸ்டீரிங் ரொம்ப ஷார்ப். ரெண்டு நாள் பழகிட்டு ரோட்டுக்குப் போ" என்றார்.

"எனக்கா பழக்கம் இல்ல?" என்று கேட்டேன். (அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.)

உங்களைப் பக்கத்து வீட்டு மேரி ஆண்டியிடம் விட்டுவிட்டு நானும் அம்மாவும் கிளம்பினோம். ஹைவேயில் முதல் கொஞ்ச தூரம் வண்டி நடனம் ஆடியது. என் கை பழையபடி தாராளமாகச் சுற்ற, சக்கரம் உடனுக்குடன் கீழ்ப்படிந்தது. அம்மா கந்தர் சஷ்டி கவசத்தை வேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். கூலாய் தாண்டியதும் ஒருவழியாகப் பிடிபட்டது. விரல் அசைத்தால் போதும், திரும்புகிறது. நல்ல ஸ்டீரிங் என்றால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

விமான நிலைய வாசலில், தள்ளுவண்டியில் பெட்டியோடு அண்ணன் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. அது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. எங்கள் அப்பாவைப் போலவே நிற்கிறாரே என்று நினைத்த நிமிஷத்தில் புது ஸ்டீரிங்கை அடியோடு மறந்தேன். பழையபடி, இடம் வருவதற்கு முன்னாலேயே, அரை வட்டம் சுற்றினேன்.

பிக்கப் நடைமேடையில் ஏறியது. பெரிய பூந்தொட்டி ஒன்று உடைந்தது. தள்ளுவண்டி அண்ணனின் பெட்டியைச் சுமந்துகொண்டு தனியாகப் பயணம் போனது. காகிதப்பூக் கொடி ஒன்று வண்டி முன்னால் மாலை மாதிரி தொங்கியது. யாருக்கும் அடிபடவில்லை, என் மானத்தைத் தவிர.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நேரில் பேசிய முதல் வார்த்தை: "டேய் மணி, என் குழாய் எங்கடா?"

"மாத்திட்டேண்ணே."

"அதான் ஏறிட்ட. இறங்கு, இறங்கு. நான் எடுக்குறேன்."

ஏறினார். பின்னால் எடுத்தார். அவர் கையும் அதே கைதானே? அரை வட்டம் சுற்றினார். வண்டி வளைந்து இன்னொரு தொட்டியை உடைத்தது.

ஓடி வந்த மலாய்க் காவலர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அபாங், அடிக்?" அண்ணன் தம்பியா என்று கேட்டார். தலையாட்டினோம். "பதுட்லா" என்றார். (அதானே பார்த்தேன் என்று அர்த்தம்.)

அண்ணன் ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. எதற்கு எது வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் தள்ளி உட்காருங்க" என்றாள் அம்மா. பழைய ஸ்டீரிங்கை அவள் தொட்டதே இல்லை. அதனால் அவளுக்கு மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை. தொட்டிகளுக்காகக் காவலரிடம் மன்னிப்புக் கேட்டு, பேர் கொடுத்துவிட்டு, நூல் பிடித்த மாதிரி ஓட்டினாள். நாங்கள் ரெண்டு மூட்டை மாதிரி பக்கத்தில் இருந்தோம். அண்ணன் காலில் ஏதோ இடறியது. குனிந்து குழாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல வெல்டிங்டா இது" என்றார், தடவிக்கொண்டே.

"கொலைகார வெல்டிங், மாமா" என்றாள் அம்மா.

டோல் தாண்டியதும் அவள் வேகத்தைக் குறைத்தாள். "மாமா, குளுவாங்குக்கா? வீட்டுக்கா?"

அண்ணன் குழாயைப் பார்த்தபடி சொன்னார், "வீட்டுக்கே போம்மா. இந்தக் கையோட நான் எங்க போறது?"

தீபாவளி முடியும்வரை கூடத்தில் என் பக்கத்தில் படுத்தார். நான் உதைத்தேன், அவர் உதைத்தார். பிறகு பெர்த்துக்குப் போய்விட்டார். இன்னும் லீவு கிடைக்கவில்லை.

அதிலிருந்து நம் வீட்டில் எந்த வண்டி நடைமேடையில் லேசாக இடித்தாலும், யார் ஓட்டினாலும், அம்மா வெளியே எட்டிப் பார்த்து, "என்ன, உங்க அண்ணன் நிக்கிறாரா?" என்பாள். நீங்கள் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் ஒவ்வொரு தடவையும், சிரித்துக்கொண்டே, நானும் எட்டிப் பார்க்கிறேன்.