எக்கோ தராத வெட்டண்ணை

மைக்கில் எக்கோ போட்டு எதிரொலிக்கப் பேசினால் கோழையும் வீரனாகிவிடுவான் என்று நான் மனதார நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையின் கழுத்தைத் திருகியவர் வெட்டண்ணை.

ஊர்காவற்றுறை முதல் குறிகட்டுவான் வரைக்கும் மனிதக் குரலை ஆடு உரிப்பது போல உரிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒலிபெருக்கிச் சேவை நடத்தினார். எண்பதுகளின் நடுவில் தீவுப்பகுதியிலேயே எக்கோ மெஷின் வைத்திருந்தவரும் அவர்தான். அதை ஒருவருக்கும் போட்டுக் கொடுக்காதவரும் அவர்தான். ஈக்குவலைசர் என்று, குரலின் தடிப்பையும் கீச்சையும் தனித்தனியே குறைக்க வரிசையாகக் குமிழ்கள் வைத்த பெட்டி ஒன்றும் இருந்தது. யார் மைக்கைப் பிடித்தாலும் அதில் எதையாவது கீழே இழுத்து வெட்டிவிடுவார். பெயர் வந்த கதை அதுதான்.

"கீழை மாடு நிக்குது, மேலை நுளம்பு பறக்குது. நடுவிலதான் மனிசன் நிக்கிறான். மற்றதை வெட்டோணும்," என்பார்.

ஒருமுறை நாடகத்தில் அரச வேடம் போட்டவர் எக்கோ கேட்டு அடம்பிடித்தார். "அரசன் சபையில நிக்கிறானோ, பீப்பாவுக்குள்ள நிக்கிறானோ?" என்று கேட்டார் வெட்டண்ணை. அரசர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அந்த அழுகை மட்டும் கடைசி வரிசைவரை துல்லியமாகக் கேட்டது.

இனி என் கதை. ஜேர்மனியில் இருந்த மச்சான் ஒரு கசெற் அனுப்பியிருந்தான். ராப் என்றான். பாட்டுமில்லை, பேச்சுமில்லை, மேளத்தின் மேல் ஏறி நின்று சண்டை பிடிப்பது. எனக்குச் சண்டைக்கு விஷயமும் கிடைத்தது. எங்கள் குறிச்சியில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு ஒன்றே ஒன்று. அது சனசமூக நிலையத் தலைவரின் காணிக்குள் இருந்தது. காலங்காலமாக எல்லோரும் அள்ளிய கிணறு. வேலி பழுதாகிறதென்று சொல்லி, காணி உறுதிப் பத்திரத்தையும் காட்டி, அவர் படலைக்குப் பூட்டுப் போட்டார். அம்மாவும் அக்காமாரும் குடத்தோடு அடுத்த குறிச்சிக்கு நடந்தார்கள்.

நிலையத்தின் ஆண்டு விழாவில் இதை ராப்பாகச் சொல்வதென்று முடிவெடுத்தேன். ஒத்திகை எங்கள் வீட்டுக் கிணற்றில். அந்தத் தண்ணீர் உப்பு. குரலுக்கு மட்டும் உதவும். உள்ளே குனிந்து கத்தினால் ஆறு பேர் சேர்ந்து கத்துவதுபோல் திரும்பி வரும். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா கயிறோடு ஓடிவந்தா.

"விழுந்திட்டியோடா?"

"இல்லை அக்கா, பாடுறன்."

"அதுக்கு விழுந்திருக்கலாம்."

விழாவன்று மேடைக்குப் பின்னால் இருந்த வெட்டண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, எனக்கு எக்கோவை முழுசாய் விடுங்கோ. கிணத்துக்குள்ள கேக்கிற மாதிரி."

"ஏன்?"

"பயமாக்கிடக்கு."

"பயத்துக்கு எக்கோ போட்டால் நாலு பயமாய்க் கேக்கும். போய் நில்லும்."

அப்போது தலைவரும் அங்கே வந்தார். நான் என்ன பாடப்போகிறேன் என்பது அவர் காதுக்குப் போயிருந்தது. நிறுத்தினால் ஊர் சிரிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஐசே, உவன்ர பாட்டுக்கு எக்கோவை முழுசாய்த் திருப்பிவிடும். ஒரு சொல்லும் விளங்கக்கூடாது."

வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் தலைவரும் நானும் ஒரே கட்சி.

"ஏலாது," என்றார் வெட்டண்ணை.

"நான் தலைவர் சொல்லுறன்."

"மேடைக்கு நீர் தலைவர். இந்தப் பெட்டிக்கு நான். அங்காலை நில்லும், வயரில மிதிக்காதையும்."

மேளம் தொடங்கியது. அவர் கீழ்க் குமிழை இழுத்து என் மாட்டை வெட்டினார். மேல் குமிழை இழுத்து நுளம்பை அடித்தார். எக்கோ துளியும் இல்லை. பனையில் கட்டிய ஸ்பீக்கரிலிருந்து என் குரல் உடுப்பில்லாமல் வெளியே வந்தது.

"வேலிக்கு உறுதி காட்டுறியள், சரி,
காணிக்கு உறுதி காட்டுறியள், சரி,
கிணத்தை நிரப்பின மழைக்கு
ஆர் உறுதி முடிச்சது?
படலையைத் திற!"

அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் வெட்டண்ணையின் விரல் எக்கோ மெஷினைத் தட்டியது. திற... திற... திற... மெஷின் மூன்றாம் தரம் சொல்லி ஓய்ந்தது. சனம் ஓயவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அந்தத் 'திற'வைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் கதிரையை விட்டு எழும்பினார். எழும்பியவர் எங்கே போவதென்று தெரியாமல் திரும்பவும் இருந்தார்.

மறுநாள் காலை படலை திறந்து கிடந்தது. பூட்டு எங்கே போனதென்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு நிலையத்தார் வேறொரு ஒலிபெருக்கிச் சேவையைப் பிடித்தார்கள். "அவங்கள் கேட்டளவுக்கு எக்கோ குடுப்பாங்கள். ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது, எல்லாருக்கும் சந்தோசம்," என்றார் வெட்டண்ணை.

நான் வீரனாகவில்லை. உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை என் குரல் நடுங்கியது, ஊர் முழுவதும் அதைக் கேட்டது.

"எல்லாத்தையும் வெட்டினியள், அந்த நடுக்கத்தை ஏன் அண்ணை வெட்டயில்லை?" என்று பிறகொரு நாள் கேட்டேன்.

வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அது நடுவில நிண்டது, அதுதான் விட்டனான்."