சிகாகோ அம்மா பார்க்காத இருபது கோபுரங்கள்

ஸ்ரீரங்கம் பார்க்க வந்த அமெரிக்கருக்கு அமெரிக்காவைக் காட்டிய ஒரே கைடு அநேகமாக நான்தான். சொல்வதில் வெட்கமில்லை. (இருக்கிறது. அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் நான். அப்பா காந்தி மார்க்கெட்டில் லாரியிலிருந்து வாழைத்தார் இறக்குகிறவர். படிப்பு முடிந்ததும், டிராவல்ஸ் நடத்தும் காதர் பாயிடம் வேலை கேட்டுப் போனேன்.

"நாளைக்குக் காலைல சிகாகோலேர்ந்து ஒரு அம்மா வராங்க. கோயில் மொட்டை மாடியிலேர்ந்து இருபத்தோரு கோபுரமும் பாக்கணுமாம். மதியம் ஃப்ளைட்டு. நல்லபடியா காட்டிட்டீங்கன்னா வேலை உங்களுக்குத்தான் தம்பி."

கோபுரத்தைப் பற்றிப் படித்திருக்க வேண்டும். நான் அமெரிக்காவைப் படித்தேன். வந்தவர்களிடம் அவர்கள் ஊரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதுதானே எங்கள் பக்கத்து மரியாதை.

ராஜகோபுரத்தடியில் ஆரம்பித்தேன். சிகாகோவுக்குக் காற்று நகரம் என்று பெயர் வந்தது காற்றால் அல்ல, அந்தக் கால அரசியல்வாதிகளின் வாய்ச்சவடாலால் என்றும் சொல்கிறார்கள் என்றேன்.

அங்கேயே அறுபது வருடம் வாழ்ந்த அந்த அம்மா, "காற்றும் அடிக்கும்" என்றார்.

மிசௌரிக்காரர்கள் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்கள், அதனால் அது 'காட்டு, பார்க்கலாம்' மாநிலம் என்றேன்.

"நான் பிறந்ததே அங்கேதான். எங்கே, கோபுரத்தைக் காட்டுங்கள்."

எனக்கு உறைக்கவில்லை. நியூயார்க்குக்குப் போய்விட்டேன். குதிரை லாயத்தில் வேலை பார்த்த இரண்டு கறுப்பினத் தொழிலாளிகள், பெரிய பந்தயங்கள் நடக்கும் அந்த ஊரைப் பேச்சுவாக்கில் 'பெரிய ஆப்பிள்' என்றார்களாம். அதைக் கேட்ட பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதப்போய், உலகமே பிடித்துக்கொண்டது. சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது. டிரைவர் வந்து ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டது என்றபோது நாங்கள் இன்னும் ராஜகோபுரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"இவ்ளோ தூரம் பறந்து வந்து அவங்க ஊரையே பாத்துட்டுப் போயிருக்காங்க தம்பி" என்றார் காதர் பாய். வேலை போயிற்று.

ராத்திரி வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"லாயத்துல வேலை பாத்தவங்க பேச்சா அம்மாம் பெரிய ஊருக்குப் பேரு?"

"ஆமாப்பா."

"நாங்க பேசுறத எவன்டா காதுல வாங்குறான்?" பிறகு அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார்.

மறுநாளே என்னைக் கிண்டல் செய்ய, தார் இறக்கும் ஷெட்டை நியூயார்க் என்று கூப்பிட ஆரம்பித்தார். கூட வேலை பார்ப்பவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. போன வாரம் மார்க்கெட் வாசலில், முன்பின் பார்த்திராத லாரி டிரைவர் ஒருவர் தலையை நீட்டி, "தம்பி, நியூயார்க்கு எந்தப் பக்கம்?" என்று என்னிடமே கேட்டார்.

முன்னால் நடந்து போய்க் காட்டினேன். பெயர்க் காரணத்தை அவர் கேட்கவில்லை. ஊர் உண்டான நாளிலிருந்தே அதுதான் பெயர் என்பதுபோல வண்டியைத் திருப்பினார்.