பீட்டர் விசாரணை

“பீட்டராமே?” என்று கல்யாணத் தரகர் திருவேங்கடம் போனில் கேட்டதும் ஜெயராமனுக்குக் காபி புரையேறியது.

“யார் சொன்னது?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முகப்பேருக்கே வந்து உங்க தெருவுல விசாரிச்சிருக்காங்க. இஸ்திரி போடுற சரசா சொன்னாங்களாம். மாப்பிள்ளையோட அம்மா யோசிக்கிறாங்க சார்.”

ஜெயராமன் மகளைப் பார்த்தார். ஸ்வாதி கிழிந்த ஜீன்ஸில், போனும் கையுமாகச் சோபாவில் கிடந்தாள். சனிக்கிழமை என்றால் பார்ட்டி. ஞாயிறு என்றால் அந்தப் பார்ட்டியின் போட்டோக்கள்.

“வாட் இஸ் திஸ், ஸ்வாதி? தெருவே உன்னைப் பீட்டர்ங்குது!”

“ஆமா, பீட்டர்தான். இங்கிலீஷ் பேசுறேன், ஃப்ரெண்ட்ஸோட சுத்துறேன், என் சம்பளத்துல டிரஸ் வாங்குறேன். என்ன இப்போ?”

“மாப்பிள்ளை விஷ்ணுவைப் பிடிச்சிருக்குன்னு சொன்னியே!”

“ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுக்காக வேஷம் போட மாட்டேன்.”

ஜெயராமன் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு அறிக்கை விட்டார்: தன் மகள் பீட்டர் அல்ல. அதுவரை விஷயமே தெரியாத அறுபது வீடுகளுக்கும் தெரிந்துபோனது.

‘பீட்டர்னா யாரு?’ என்று முதல் மாடி ஜமீலா கேட்டாள்.

‘இங்கிலீஷ்ல பேசி சீன் போடுறவங்க’ என்றார் ஒருவர். ‘நம்ம ஸ்வாதி மாதிரி’ என்றார் இன்னொருவர். அதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அடுத்து ஜெயராமன், ஸ்வாதி பட்டுப்பாவாடை கட்டிய படம் ஒன்றைத் தேடிப் பிடித்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: ‘எட்டு வயசுப் படம் எதுக்கு? எதையாவது மறைக்கிறீங்களா?’

ஜெயராமன் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு சரசாவின் இஸ்திரி வண்டிக்கு விரைந்தார். ஸ்வாதியும் பின்னாலேயே வந்தாள்.

“திஸ் இஸ் டூ மச், சரசா! சொன்னதை வாபஸ் வாங்கு.”

“இன்னாத்துக்கு? கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்றதெல்லாம் நம்மகிட்ட கெடையாது சார்.”

“வாங்காதீங்கக்கா!” என்றாள் ஸ்வாதி. “நான் பீட்டர்தான். பிடிச்சா கட்டிக்கட்டும். இல்லேன்னா போகட்டும்.”

சரசா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உன்ன யாரு சொன்னது கண்ணு? உன்னத் தங்கம்னேன். பொண்ணோட அப்பா எப்பிடின்னு கேட்டாங்க, அவரத்தான் பீட்டருன்னேன்!”