நான் பாடிய பள்ளம்

அரசாங்கத்தைக் கிண்டலடித்துப் பாட்டு எழுதுகிறவன் சென்னையில் பெண் தேடக் கூடாது. பெண் கிடைத்துவிடுவாள், அதில் சிக்கலில்லை. ஆனால் அவளுக்கு ஒரு அப்பா இருப்பார். அவர் ஏதாவது ஒரு துறையில் வேலை பார்ப்பார். அந்தத் துறையை நீங்கள் போன மாதம்தான் நாறடித்திருப்பீர்கள். இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு பட்டு வேட்டியாவது மிஞ்சியிருக்கும்.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. பகலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் நான் 'ஓட்டைக் குடை'. அதுதான் என் புனைபெயர். ஒரு இணைய வாரப் பத்திரிகையின் வாசகர் பகுதியில் லஞ்சம், தண்ணீர் லாரி, தேர்தல் நேரத்துத் திடீர் ரோடு என்று எது கிடைத்தாலும் கும்மி மெட்டில் பாட்டாக்கிப் போடுவேன். (சன்மானம் கிடையாது. கேட்டால் பாட்டையே நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று நானும் கேட்கவில்லை.) நாட்டைத் திருத்தும் பொறுப்பு என் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று மனதார நம்பினேன்.

மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. சந்தின் வாயிலேயே ஒரு பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள். மழை வந்தது, பள்ளம் நிரம்பியது, வற்றியது, மறுபடி நிரம்பியது. பூக்காரம்மா கடையை அதன் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஆட்டோக்காரர்கள் அதைச் சுற்றி வருவதற்குத் தனியாகக் கேட்டார்கள். பிறகு ஒரு நாள், பள்ளம் மூடப்பட்டு வேலை நல்லபடியாக முடிந்தது என்று ஒரு போர்டு வைத்தார்கள். அந்தப் போர்டை நட்டதே பள்ளத்தின் விளிம்பில்தான்.

அடுத்த வாரம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். நான் காபியோடு பால்கனியில் நின்று பார்த்தேன். குனிந்தார், எட்டிப் பார்த்தார், டேப்பை விட்டு அளந்தார், ஏதோ எழுதிக்கொண்டார், போய்விட்டார். காபி ஆறுவதற்குள் எனக்குப் பாட்டு வந்துவிட்டது.

வாசலில் பள்ளத்தைத் தோண்டிவைத்தார் – அதை
மூடிய தாகவே பில்லும் போட்டார்;
ஈசனே வீதிக்கு வந்துவிட்டால் – ஓர்
ஏணியைப் போட்டுத்தான் ஏறவேண்டும்.

கண்ணாடி போட்டொரு ஐயா வந்தார் – பள்ளம்
கண்டதும் ஓரமாய் எட்டிப் பார்த்தார்;
எண்ணியே ஆழம் அளந்துவிட்டு – இங்கே
ஏதொரு பள்ளமும் இல்லை என்றார்.

அவர் என்ன எழுதிக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியாது. அதெல்லாம் தெரிந்துகொண்டு எழுத ஆரம்பித்தால் கிண்டல் கவிஞன் பிழைக்க முடியுமா?

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மெட்டு இருந்ததால் படித்தவர்கள் பாடவும் ஆரம்பித்தார்கள். கீழே வாசகர் விவாதம் அனல் பறந்தது. "எங்கள் ராயப்பேட்டைப் பள்ளத்தைப் பார்த்தால் இதைப் பள்ளம் என்றே சொல்ல மாட்டீர்கள்" என்றார் ஒருவர். "போன ஆட்சியில் இதே பள்ளம் இரண்டடிதான் இருந்தது" என்றார் இன்னொருவர். "இதைத் தோண்டியதே போன ஆட்சிதான்" என்று மூன்றாமவர் பாய்ந்தார். அப்புறம் பள்ளத்தை விட்டுவிட்டு ஒருவர் குடும்பத்தை ஒருவர் தோண்டினார்கள். நடுவில் ஒருவர் கல்யாண மண்டபம் வாடகைக்கு என்று விளம்பரம் போட்டார். கறுப்புக் கண்ணாடிக்காரர் யார் என்று கண்டுபிடித்துவிட்டதாகவும் சிலர் எழுதினார்கள்.

'வாசகி' என்ற பெயரில் மட்டும் ஒரே ஒரு வரி வந்தது. "அவரை நேரில் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே."

சும்மா விடுவேனா? "கண்ணாடி ஐயா உங்களுக்கு என்ன உறவு வேண்டும் அம்மணி?" என்று பதில் போட்டேன். அதற்கு மட்டும் விருப்பக்குறிகள் குவிந்தன. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நித்யாவின் ஜாதகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீடு சைதாப்பேட்டை. அதற்கு முன்னால் பல இடங்களில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற வார்த்தையோடு திரும்பியிருந்தேன். இந்த முறை பெரியவர்கள் சம்மதத்தோடு போனில் ஒரு தடவை பேசினோம். நான் சொன்ன ஒரு அரதப்பழசான ஜோக்குக்கு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த இடம் தட்டிப்போனால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அம்மாவும் நானும் போனோம். அம்மாவின் பிடிவாதத்தால் புதுப் பட்டு வேட்டி. அழைப்பு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

சென்னையில் கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் எத்தனையோ பேர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உள்ளே ஆணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் பக்கத்தில் அளக்கிற டேப்பும் தொங்கின.

"உக்காருங்க. நான் தணிகாசலம்" என்றார். "கண்ணாடியைத் தப்பா நெனச்சுக்காதீங்க. கண்ணுல கொஞ்சம் தொந்தரவு."

பஜ்ஜி வந்தது. நித்யா வந்தாள், வணக்கம் சொன்னாள், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. ஏனென்றால் தணிகாசலம், சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டே தன்னை அறியாமல் எதையோ முணுமுணுத்தார். கும்மி மெட்டு.

"பாத்தீங்களா, என் வாயிலயே வருது" என்றார் எரிச்சலோடு. "எவனோ ஓட்டைக் குடையாம் சார். என்னைப் பத்தி எழுதிட்டான். ஆபீஸ்ல லிஃப்ட்ல ஏறினா பின்னால நின்னுக்கிட்டுப் பாடறாங்க. கேன்டீன்ல டீ ஊத்தறவன் பாடறான். முப்பது வருஷம் சர்வீஸ். ஒரு பய என்னை விரல் நீட்டிப் பேசினது கிடையாது."

அம்மாவுக்கு என் புனைபெயர் தெரியும். அந்தப் பாட்டைத் தன் பஜனைக் குழுவுக்கு அனுப்பி, 'என் மகன்' என்று பூப்படம் வேறு போட்டவர் அவர்தான். நான் மெல்ல அவர் கால்மேல் என் காலை வைத்து அழுத்தினேன். அம்மா தணிகாசலத்தை இரக்கத்தோடு பார்த்துத் தலையாட்டினார். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார் தணிகாசலம். "அயோக்கியப் பயலுக்குப் பாட்டு வருது. ஈசனுக்கு ஏணி போடணும்னு எழுதியிருக்கான் பாருங்க, அந்த எடத்துல நானே சிரிச்சுட்டேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும். நான் பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் போன நாளிலிருந்து அதைப் பார்த்துவருகிறேன். அது வந்தால் அடுத்து வாய் திறக்கும். காலை இன்னும் பலமாக அழுத்தினேன். "ம்" என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது.

"எழுதினது யாருன்னு கண்டுபுடிச்சுட்டேன்" என்றார் தணிகாசலம்.

என் தொண்டையில் வாழைக்காய் பஜ்ஜி நின்றது. நித்யா தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள்.

"எங்க ஆபீஸ்ல வரைபடம் போடற செல்வம். ஆயுத பூஜைக்கு அவன்தான் கவிதை படிப்பான். நாளைக்குக் காலையில மேல எழுதிக் குடுக்கப் போறேன். மணலிக்குத் தூக்கி அடிச்சுடுவாங்க. அவன் பொண்டாட்டிக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு. பாவம்தான். ஆனா செஞ்சதுக்கு அனுபவிக்கணும் இல்லையா?"

இந்த இடத்தில் என் நெஞ்சு பதறியது, ஒரு அப்பாவி தண்டிக்கப்படக் கூடாது என்று துடித்தேன், என்று எழுத எனக்கும் ஆசைதான். செல்வத்தை நினைத்துக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு பஜ்ஜி எடுக்கிற அளவுக்குத்தான் என் நியாய உணர்ச்சி இருந்தது. எதிரில் நித்யா இருந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள்.

என்னைக் கவிழ்த்தது தணிகாசலம் அடுத்ததாகச் சொன்னதுதான். "போன வருஷம் படிச்சான் பாருங்க. 'ஸ்கேலே, ஸ்கேலே, நீ நேராக இருக்கிறாய், நாடு ஏன் இல்லை?' அதே ஸ்டைல் சார். அச்சு அசல் அதே கை."

"அவர் எழுதியிருக்க முடியாது" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க தம்பி?"

"அவருக்கு எதுகையே வரலையே."

அம்மாவின் கால்மேல் இருந்த என் காலை எடுத்தேன். இனி அதற்கு வேலையில்லை.

"நான்தான் சார் எழுதினேன். ஓட்டைக் குடை நான்தான்."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. "ஆபரேஷன் ஆயி ஒரு வாரத்துல லீவு குடுக்காம வரச் சொன்னாங்க தம்பி" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "வந்தேன். அளந்தேன். பள்ளம் மூடலைன்னுதான் எழுதிக் குடுத்தேன். அதுக்கு முன்னாடியே மேல பில் பாஸாயிருச்சு. என் ரிப்போர்ட்டைத் தேடினா இப்ப கிடைக்கலையாம்."

நான் அவ்வளவு கூசிப்போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோபித்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நித்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நேர்ல கேட்டுட்டு எழுதியிருக்கலாமே" என்றாள்.

அந்த 'வாசகி' அம்மணி யார் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா நிலைமையைச் சரிசெய்ய, "அவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க" என்றார். நன்றாகச் சரியானது.

தணிகாசலம் எழுந்தார். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேப்பை ஆணியிலிருந்து எடுத்தார். "கிளம்புங்க" என்றார். நான் செருப்பைத் தேடினேன். "எல்லாரும்தான். ஸ்பாட்டுக்குப் போய்ப் பாத்துருவோம். என் சர்வீஸ்ல ஸ்பாட்டுக்குப் போகாம எதையும் முடிவு பண்ணினது இல்ல."

பெண் பார்க்கப் போய், பெண் வீட்டாரோடு பள்ளம் பார்க்கப் போன ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அவர் காரிலேயே கிளம்பினோம். சைதாப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் அவ்வளவு தூரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வழியில் ஒரு சிக்னலில் தணிகாசலம் கும்மி மெட்டை முணுமுணுத்தார், உடனே நிறுத்திக்கொண்டார்.

சந்து முனையில் இறங்கினோம். அவர் பள்ளத்துக்குள் கை நீட்டி, எந்தக் குழாய் எந்தத் துறையுடையது, யார் மூட வேண்டும், யார் தடுக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். ஒரு துறை தோண்டினால் இன்னொன்று மூட வேண்டுமாம். மூட வேண்டிய துறைக்குத் தோண்டியதே தெரியாதாம். நான் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். நித்யா எதிரில் நின்றதால், கொஞ்சம் அடக்கமாகத் தெரியட்டும் என்று பக்கத்திலிருந்த போர்டில் கையை ஊன்றிச் சாய்ந்தேன்.

வேலை நல்லபடியாக முடிந்தது என்ற அந்தப் போர்டும் நானும் ஒன்றாகவே உள்ளே போனோம்.

இடுப்பளவு சேறு. அடிபடவில்லை, அதாவது உடம்பில். மேலே முதலில் எட்டிப் பார்த்தவர் தணிகாசலம். "ஆழத்தை நல்லாப் பாத்துக்கங்க தம்பி. நான் எழுதினது சரிதானே?" என்றார். அவர் பக்கத்தில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் தெருவே.

"இன்னா நைனா, உள்ள யாரு கீறா?" என்றார் ஆட்டோக்காரர். "அட, நம்ம மாடி வூட்டு ஐயா. அப்டியே நில்லு, ஏணி எட்தாரேன்."

கோயில் பக்கம் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தவரின் ஏணி வந்தது. அதைப் பார்த்ததும் பூக்காரம்மா, கட்டிய பூவை மடியில் வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். "ஈசனே வீதிக்கு வந்துவிட்டால்..." மிச்சத்தைத் தெரு பாடி முடித்தது. என் பாட்டு மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? நான் மெட்டுக்கு ஏற்றபடி ஒவ்வொரு படியாக ஏறினேன். ஏணி மேல்முனையை யாரோ அசையாமல் பிடித்திருந்தார்கள். ஏறி முடித்ததும்தான் பார்த்தேன், நித்யா. போனில் கேட்ட அதே சிரிப்பு. அதை அடக்கத் தெரியாமல் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று மாலையே யாரோ எடுத்த வீடியோ என் பாட்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. அதற்கும் கீழே, 'வாசகி' எழுதிய மூன்றாவது கண்ணி.

பாடிய மாப்பிள்ளை உள்விழுந்தார் – புதுப்
பட்டிலே சேற்றையும் பூசிக்கொண்டார்;
மூடிய பள்ளத்தில் எப்படித்தான் – இந்த
மூளைக் காரரும் போய்விழுந்தார்?

நான் அதைப் பலமுறை படித்தேன். எதுகை சரியாக இருந்தது. 'மாப்பிள்ளை' என்ற சொல்லில்தான் என் கண் நின்றது.

துறைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. மூடிய பள்ளத்தில் ஒருவன் விழுந்ததை ஊரே பார்த்துவிட்டதால், இரண்டே நாளில் லாரி லாரியாக மண் வந்தது. தணிகாசலத்தின் ரிப்போர்ட்டும் தானாகக் கிடைத்துவிட்டது. எங்கள் கல்யாணத்தில் செல்வம் வாழ்த்துக் கவிதை படித்தார். 'மாலையே, மாலையே' என்று ஆரம்பித்தது. எதுகை வரவில்லை. முதல் ஆளாகக் கைதட்டியவன் நான்தான்.

இப்போதும் வீட்டில் நான் எதைக் குறை சொல்ல வாயெடுத்தாலும், சாம்பாரில் உப்பு இல்லை என்றால்கூட, "நேர்ல கேட்டாச்சா?" என்று நித்யா கேட்பாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போன வாரம் அதே சந்து முனையில் மறுபடி தோண்டினார்கள். ரிட்டயர் ஆகிவிட்ட மாமனாருக்கு போன் போட்டு, யாருக்கு எழுதினால் சீக்கிரம் மூடுவார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"எழுதறதெல்லாம் வேஸ்ட் மாப்ள" என்றார். "பழைய வேட்டியா ஒண்ணு கட்டிக்கிட்டு, ஒருவாட்டி விழுந்துட்டு வந்துருங்களேன்."