கண்ணீர் மட்டும்தான் வரும்

நம் ஊர்களில் ஒரு வகை மனிதர் உண்டு. பாம்பு கடித்தவனிடம், தண்ணிப் பாம்பாகத்தான் இருக்கும் என்பார். ஒகேனக்கல் பரிசலுக்குள் தண்ணீர் ஏறினால், இது வழக்கம்தான் என்று சொல்லிவிட்டுத் தன் காலை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொள்வார். அவருக்குப் பயமே கிடையாது. எப்படி இருக்கும்? ஆபத்து வருவதெல்லாம் அடுத்தவருக்குத்தானே? இவரை ஆறுதல் திலகம் என்று அழைக்கலாம். எண்பதுகளின் நடுவில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த அப்துல் ஷுக்கூர், அந்த வகையில் முதல் தரம்.

ஒரு கோடையில் குடிதண்ணீர் கேட்டு, பெண்கள் காலிக் குடங்களோடு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணீர்ப் புகைக் குண்டுகளோடு போலீஸ் வேன் வந்து நின்றது. அன்று கடையில் கூட இருந்த ஷுக்கூரின் மனைவி ஹாஜிராவுக்கு நெடுநாளாக இளைப்பு. ஊதுபத்திப் புகைக்கே நெஞ்சு அடைக்கும். வூட்டுக்குப் போயிடலாம் என்றாள். அவர் கேட்கவில்லை. கண்ணீர்ப் புகையை அவர் கண்ணால் கண்டதில்லைதான். ஆனால் அவருடைய மச்சான் பெங்களூரில் ஒருமுறை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். அது போதாதா? மகள் வளைகாப்புக்கு வளையல் எடுக்கக் கம்பைநல்லூரிலிருந்து வந்திருந்த செல்லியையும் சேர்த்து உட்காரவைத்து விளக்கினார்.

"கண்ணுல தண்ணி வரும், அவ்ளோதாங்க. உள்ள இருக்கற அழுக்கெல்லாம் போயிடும். கவர்மென்டே செலவு பண்ணிக் கண்ணைக் கழுவி உடுது."

கல் பறந்தது, தடி சுழன்றது, குண்டு வெடித்தது. ஒரு குண்டு உருண்டு வந்து கடை வாசல் சாக்கடையோரம் நின்று புகைந்தது. புகை உள்ளே நுழைந்த பிறகு, புகை வரக்கூடாது என்று ஷுக்கூர் ஷட்டரை இறக்கினார். அதோடு விட்டாரா? ஃபேனைப் போட்டார். குளிர்ச்சியாக இருக்கும் என்று கோல்டு கிரீம் டப்பாவைத் திறந்து எல்லார் முகத்திலும் பூசினார். எரிச்சல் இரட்டிப்பானது. தாரை தாரையாகக் கண்ணீர் வடிய, இருமலுக்கு நடுவே, பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் விளக்கிக்கொண்டே இருந்தார்.

ஹாஜிரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் விசில் சத்தம். மூச்சு வரவில்லை என்றாள். அது வெறும் பயம் என்றார் அவர். ஹாஜிராவின் உதடு நீலம் பாய்ந்தது.

"ஷட்டரைத் தூக்குங்க. அவங்க செத்துப்போயிடுவாங்க" என்றாள் செல்லி.

இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். ஹாஜிராவைப் பின்சந்து வழியாகச் சுமந்து, ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்த பிறகு டாக்டர் விவரம் சொன்னார். இளைப்பு உள்ளவர்களுக்கு இந்தப் புகை மூச்சுக்குழாயையே இறுக்கிவிடும். அடைத்த அறையில் உயிரையே வாங்கும். பூசிய கிரீமோ, புகையில் இருக்கும் ரசாயனத் தூளைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். கதவை யார் அடைத்தது என்றும் கேட்டார்.

ஷுக்கூர் சாயங்காலம் வரை கட்டிலருகே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கண் விழித்த ஹாஜிராதான் கலங்கிப்போனாள்.

"என்னங்க, எதாச்சும் பேசுங்க. நீங்க சும்மா இருந்தா, எனக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பயமா இருக்குது."

"நீ சொன்னப்பவே உன்னைய வூட்டுக்கு அனுப்பியிருக்கணும்" என்றார்.

ஹாஜிரா பிழைத்துக்கொண்டாள், மாடிப்படியில் மட்டும் வெகுநாள் நின்று நின்றுதான் ஏற வேண்டியிருந்தது. ஷுக்கூரும் தேறிவிட்டார். கண்ணீர்ப் புகையின் தீமைகளைப் பற்றி, வளையல் வாங்க வந்தவர்களை நிறுத்திவைத்து விரிவுரை செய்யத் தொடங்கினார். ஒரு வாடிக்கையாளர் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்தபோது, அது தானாகப் போய்விடும் என்றும் சொல்லியனுப்பினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு உள்ளறையில் யாரோ வெகுநேரமாக இருமிக்கொண்டிருக்கிறார்கள். எழுந்துபோய்ப் பார்த்தீர்களா, இல்லை இங்கிருந்தபடியே பதில் சொல்லிவிட்டீர்களா?