வெந்நீரில் கரைந்த கட்லா

சமையல் சுத்தமாகத் தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. ஏதோ கொஞ்சம் தெரிந்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இந்த இரண்டாவது ரகம்.

நான் பிறந்த ஊர் ஏற்காட்டு மலையில் கரடியூர். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மீன் என்றால் கருவாடுதான். (ஏற்காடு ஏரியில் மீன் துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சமையல் அனுபவத்தில் சேர்க்க முடியாது.) என் வீட்டுக்காரரோ மேட்டூரில் அணை மீன் தின்று வளர்ந்தவர். வெள்ளக்கடையில் எஸ்டேட் ஜீப் ஓட்ட வந்தவர், என்னைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அந்தக் கோபத்தில் என் மாமியார் கல்யாணத்துக்கே வரவில்லை. “அவ ஊட்ல பச்சத்தண்ணிகூட குடிக்க மாட்டேன்” என்று வேறு சொல்லியனுப்பியிருந்தார்.

என்ன நினைத்தாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வந்து பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவாராம். எப்படியாவது அவரை ஒரு வாய் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் துடித்தார். விடியும் முன்பே சேலத்துக்கு இறங்கி, பெரிய கட்லா மீன் ஒன்றை வெட்டி வாங்கி வந்தார்.

“கட்லான்னா எங்கம்மாவுக்கு உசுரு. வாசம் வந்தாப் போதும், தானா உக்காந்துரும். உனக்கு வெக்கத் தெரியுமில்ல?”

“மீனுதானுங்களே, தெரியாமயா?” என்றேன். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.)

அவர் அம்மாவை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் வேலையை ஆரம்பித்தேன். கருவாட்டை முதலில் கொதிக்கிற வெந்நீரில் ஊறப் போட வேண்டும். போட்டேன். நாற்றம் போகும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்தேன். கருவாடு கொஞ்சமாவது எதிர்த்து நிற்கும், இது தேய்க்கத் தேய்க்கக் கையோடு வந்தது. நல்ல இளசு போலிருக்கிறது என்று பூரித்துப் போனேன். மிச்சத்தைக் குழம்பில் போட்டு, நன்றாக வேகட்டும் என்று வெகுநேரம் கொதிக்கவிட்டேன். கருவாட்டுக் குழம்புக்கு உப்புப் பார்த்துப் பார்த்துப் போடுவோம், பாதி நாள் போடவே மாட்டோம். அன்றும் போடவில்லை.

மாமியார் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வாசம் அவரைப் பிடித்துவிட்டது. மகன் இரண்டு முறை கெஞ்சியதும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவினேன். முள் வந்தது. மறுபடி துழாவினேன். பெரிய முள் வந்தது.

“மீனு எங்கடா?” என்று மகனிடம் கேட்டார்.

“அடியில இருக்கும்மா” என்றார் அந்த அப்பாவி.

மாமியார் ஒரு வாய் வைத்தார். மெல்லவில்லை, விழுங்கவுமில்லை. பிறகு முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உப்பு போடலையா?”

“மீனுலயே இருக்குமுங்களே, அத்தை.”

“சுடுதண்ணி ஊத்திக் கழுவுனயா?”

தலையாட்டினேன். அதோடு அழுகையும் வந்துவிட்டது. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், புரை ஏறும்வரை சிரித்தார்!

“அழுவாத கண்ணு. எனக்கு கருவாடுதான் தெரியுமுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியனுப்பிச்சிருந்தா நானே வந்து வெச்சுக் குடுத்திருப்பேனே.”

“நெசமா வந்திருப்பியாம்மா?” என்றார் மகன்.

மாமியார் உப்பை எடுத்துச் சோற்றில் தூவி, முள்ளைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டைக் காலி செய்தார். மத்தியான பஸ் அவர் இல்லாமலே போனது. எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போனது.

இப்போது என் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. அத்தை இன்றும் வாளியில் கட்லாவோடுதான் மலையேறுகிறார். பஸ் கிளம்பும் முன் மறக்காமல் போன் வரும்.

“ஏங்கண்ணு, நாங் கெளம்பிட்டேன். சுடுதண்ணி மட்டும் வெச்சுறாத. நாங் குளிக்கறதுக்குக்கூட வேண்டாம், நானே வந்து வெச்சுக்கறேன்.”